தன் காலில் போட்டுப் பார்த்தவர்

எங்கள் பட்டறையில் அவருக்கு 'அணைச்சுப்போடு' என்று பெயர். கம்ப்யூட்டர் நின்றுபோனாலும், பிரிண்டர் முரண்டு பிடித்தாலும், வரவேற்பறையில் வரிசை எண் காட்டும் பெட்டி கண்ணை மூடிக்கொண்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே மருந்துதான். "ஒரு தடவை அணைச்சுப் போடுங்க, அப்புறம் பார்ப்போம்." பாதிக் கோளாறு அதிலேயே சரியாகிவிடும். "மீதிப் பாதிக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று சிரிப்பார். மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியிருந்த ஒரு நாள், "இவரையும் ஒரு தடவை அணைச்சுப் போட முடியுமான்னு பாருங்கண்ணே" என்று என் காதில் சொல்லிவிட்டு, ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்க முடியாமல் திட்டு வாங்கியது நான்தான்.

நான் அவரைத் தம்பி என்பேன். வயதில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரே நீலச் சட்டையோ என்று நினைக்கிற மாதிரி வரிசையாக நீலச் சட்டைகள். ஒவ்வொன்றும் கத்தி முனை மாதிரி மடிப்போடு இருக்கும். அது அவருடைய அக்காவின் கைவேலை. அந்த அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால் பட்டறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையின் பின்பக்கம், சலவைத் துணி காயும் முற்றத்தைத் தாண்டினால் எங்கள் இடம். உள்ளே நுழைந்ததும் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை மூக்கைப் பிடிக்கும். நாங்கள் ஷூ செய்கிறவர்கள். கடையில் தொங்குகிற ஷூ அல்ல, உணர்ச்சி செத்துப்போன கால்களுக்கான ஷூ. சர்க்கரை முற்றி நரம்பு கெட்டவர்களுக்குப் பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரியாது. ஷூவுக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் நாள் முழுவதும் அதன்மேலேயே நடப்பார்கள். மாலையில் காலுறையைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் காயம் பட்டதே தெரியும். அந்தப் புண் ஆறாது. ஆறினாலும் அதே இடத்தில் மறுபடி திறக்கும். ஆகவே, பழைய புண் இருந்த இடம் எதன்மேலும் அழுந்தாதபடி ஷூவுக்குள் போடுகிற மெத்தையில் அந்த இடத்துக்கு நேராக ஒரு குழி விடவேண்டும். எங்கள் வேலை முழுவதும் அந்தக் குழியில்தான் இருக்கிறது.

முன்பு அதைக் கையால் குடைந்தோம். பிறகு ஸ்கேனர் வந்தது. கட்டுப் போடும் சிஸ்டர் நோயாளியின் பாதத்தில் ஆபத்தான இடத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார். நோயாளி கண்ணாடிமேல் காலை வைப்பார். படம் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே இருக்கிற ஒரு புரோகிராம் சிவப்பு வட்டத்தைப் பார்த்து மெத்தையில் குழி எங்கே வரவேண்டும் என்று குடையும் மிஷினுக்குச் சொல்லும். குழி விழுந்த ஃபோம் துண்டு என் பலகைக்கு வரும். நான் அதன் ஓரத்தை ஷூவின் அளவுக்கு வெட்டி, மேலே மெல்லிய தோல் ஒட்டி, உள்ளே பதிப்பேன்.

காலையில் பலகையில் உட்காரும்போது ஆண்டவனிடம் நான் கேட்பது ஒன்றுதான். இன்று என் கையைத் தாண்டிப் போகிற ஜோடி யாருடைய காலையும் கெடுக்காமல் இருக்கட்டும் என்று.

தம்பியின் அக்காவும் எங்கள் ஷூ போடுகிறவர்தான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்குப் பள்ளிக்கூட வயது. அக்கா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி மேசைமுன் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான். தம்பியைப் படிக்க வைத்ததும், கம்ப்யூட்டர் பழக வைத்ததும் அந்த மேசைதான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்க யாரும் வரவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பெரிய குரல், பெரிய கை. சட்டையை உதறினால் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் வரும். எப்போது சர்க்கரை வந்ததென்று அவருக்கே தெரியாது. ஒருநாள் சட்டையிலிருந்து தெறித்த பொத்தான் ஒன்று ஷூவுக்குள் விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தின் பந்து மாதிரி உப்பியிருக்கும் இடத்தில் பதிந்துவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கழற்றியபோதுதான் பார்த்தார். அந்தப் புண் ஆற ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆயிற்று.

அந்தக் காலுக்கு ஷூ எடுக்க வந்தபோதுதான் தம்பி முதல்முதலாக எங்கள் படியேறினார். அன்று எங்கள் கம்ப்யூட்டர் படுத்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து, "நான் பார்க்கலாமா?" என்றார். பார்த்தார். அடுத்த மாதமே அந்த மேசை அவருடையதாயிற்று. நல்ல கம்பெனி ஒன்றில் இருந்தவர், அதை விட்டுவிட்டு வந்தார். "அக்கா கால் எங்க போகுதோ அங்கதான் என் வேலை" என்பார், விளையாட்டாகச் சொல்கிற மாதிரி.

வந்ததும் மேசைக் கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டார். வருஷாவருஷம் யாரிடமும் கைநீட்டிப் புதுப்பிக்க வேண்டாம், இலவசம், உறுதியானது என்று மேனேஜருக்கு விளக்கினார். மேனேஜருக்கு 'இலவசம்' மட்டும் காதில் விழுந்தது. மெத்தைக்குக் குழி போடும் புரோகிராமும் லினக்ஸுக்கென்றே எழுதப்பட்டதுதான். பிறகு எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு கல்லூரிப் பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பிள்ளை எங்கேயோ வெளிநாட்டில். புரோகிராம் மட்டும் தாயில்லாப் பிள்ளையாக எங்களிடம் வளர்ந்தது. தம்பிதான் அதற்குக் காவல்.

பல வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு அப்டேட் வந்தது.

வந்தது என்றால் திடீரென்று வரவில்லை. ரொம்ப நாளாகத் திரையின் மூலையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தம்பி தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மருத்துவமனைத் தலைமையிடத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பழைய லினக்ஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் எதுவும் இனி மருத்துவமனை இணைப்பில் இருக்கக்கூடாது, பாதுகாப்பு இல்லை என்று. தம்பி ஒரு விடுமுறை நாளில் வந்து அப்டேட் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பெஞ்ச் நிறைய ஆட்கள். சிஸ்டர் சிவப்புப் பென்சிலோடு தயார். தம்பி புரோகிராமைத் தட்டினார். ஒரு சின்ன ஜன்னல் கண் சிமிட்டின மாதிரி வந்தது, போனது. மறுபடி தட்டினார். மறுபடி வந்தது, போனது.

"அணைச்சுப் போடுங்களேன்" என்று பெஞ்சிலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். அணைத்துப் போட்டார். அதே கதைதான்.

மேனேஜர் வந்து தலைக்குமேல் நின்றார். "என்னப்பா, திரையில இருக்கற பொம்மையைத் தொட்டா திறக்கணும், அவ்வளவுதானே?"

"திறக்குது சார். திறந்த வேகத்துல சாத்திக்குது."

"ஏன்?"

"அதைத்தான் அதுகிட்டயே கேட்டுட்டு இருக்கேன்."

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, அதில் புரோகிராமின் பெயரை எழுதி ஓடவிட்டார். இரண்டு மூன்று வரி வந்தது. படித்தார். நாற்காலியில் சாய்ந்தார். என் பலகைக்கும் அவர் மேசைக்கும் நடுவே இருக்கிற கண்ணாடித் தடுப்பில் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு உண்டு. அந்த வழியாக எட்டிக் கேட்டேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கின வகையில் சொல்கிறேன்.

எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்யாதாம். படத்தைப் படிக்க ஒரு எடுபிடி, எழுத்தைக் காட்ட ஒரு எடுபிடி என்று லினக்ஸுக்குள் பொதுவாகச் சில துணை ஆட்கள் இருப்பார்களாம். அதற்கு லைப்ரரி என்று பெயர். எங்கள் புரோகிராம் படம் படிக்க நம்பியிருந்த துணை ஆளை அப்டேட் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவனுடைய இடத்தில் புது ஆள் வந்திருக்கிறான். ஆனால் புரோகிராம் பழைய ஆளின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. அந்தப் பெயரில் யாரும் இல்லை. உடனே கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது.

"அப்ப அந்தப் பழைய ஆளைத் திருப்பிக் கூப்பிட்டா?" என்றேன்.

"கூப்பிடலாம்ணே. ஆனா அவன் தனியா வரமாட்டான், அவன் குடும்பமே வரணும். அவங்களுக்குன்னு உள்ள தனியா ஒரு அறை கட்டி, இந்தப் புரோகிராமையும் அங்கயே குடி வைக்கணும். அதான் சரியான வழி. ஒன்றரை நாள் ஆகும்."

"இல்லன்னா?"

"புது ஆளுக்கே பழைய பேரு வெச்சு உட்கார வைக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை."

மேனேஜர் பெஞ்சைப் பார்த்தார். தூரத்திலிருந்து வந்தவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள். பிறகு தம்பியைப் பார்த்தார், அவ்வளவுதான்.

தம்பி ஒரே ஒரு வரி எழுதினார். புது ஆள் பழைய பெயரில் உட்கார்ந்தான். பொம்மையைத் தொட்டார். திறந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். "பெரிய டாக்டர்யா நீ!" என்று மேனேஜரே முதுகில் தட்டினார்.

தம்பி பொறுப்பில்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கைதட்டலில் அவர் மயங்கவில்லை. "யாரும் காலை வைக்காதீங்க. முதல்ல நான் பார்த்துக்கறேன்" என்று தன் ஷூவைக் கழற்றி, தன் பாதத்தைக் கண்ணாடிமேல் வைத்தார். சிஸ்டர் சும்மா ஒரு வட்டம் போட்டார். படம் வந்தது. மிஷின் குடைந்தது. நான் ஓரம் வெட்டித் தோல் ஒட்டிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு நடைவழியில் போய்த் திரும்பினார். மாடிப்படி ஏறி இறங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றார் சிஸ்டர்.

"பூ மாதிரி இருக்கு."

அந்த வாரம் முழுக்க அதையே போட்டுக்கொண்டு அலைந்தார். ஒரு குறையும் இல்லை. இதற்குமேல் ஒருவர் எப்படிச் சோதித்துப் பார்க்கமுடியும் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தோன்றியது. ஒன்றரை நாள் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். பிறகு வரிசை எண் பெட்டி கெட்டது, பிரிண்டர் கெட்டது. பிறகு என்பது நகர்ந்துகொண்டே போயிற்று.

இரண்டு மூன்று வாரம் கழித்து அவருடைய அக்கா புது ஜோடிக்கு வந்தார். மெத்தை நாள்பட நசுங்கிவிடும், அதனால் எல்லோருக்கும் அவ்வப்போது மாற்றவேண்டும். அக்கா வந்தால் பட்டறையே கலகலப்பாகிவிடும்.

"என்ன அண்ணே, இன்னும் அதே பலகையா? எழுந்து நடங்க, இல்லன்னா பலகையே உங்களைத் தைச்சுடும்" என்றார் என்னிடம். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து, "டேய், மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா? முகம் கசக்கின துணி மாதிரி இருக்கு" என்றார்.

"சாப்பிட்டேன்க்கா."

"என்ன சாப்பிட்டே?"

தம்பி யோசித்தார்.

"பார்த்தீங்களா அண்ணே? சாப்பிட்டவன் யோசிப்பானா?"

புது ஜோடியைப் போட்டுக்கொண்டு நடைவழியில் நடந்தார். தம்பி பின்னாலேயே போய், "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார்.

"என் காலைக் கேட்டா அதுக்கு என்னடா தெரியும்? உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்றேன். நல்லாருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அக்கா போனபிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். நாங்கள்தான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம்.

புதிதாக வருகிற நோயாளிகளுக்கு நாங்கள் ஒரு சோதனை வைப்பதுண்டு. மெத்தைமேல் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் கார்பன் தாள், அதன்மேல் கால். அப்படியே நடைவழியில் ஒரு தரம் நடக்கச் சொல்வோம். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே தாளில் கறுப்பாக விழும். குழி இருக்கும் இடம் வெள்ளையாகவே இருக்கவேண்டும். காலுக்குத் தெரியாததைத் தாள் சொல்லும். ஆனால் பழைய ஆட்களுக்கு இதைச் செய்வதில்லை. அதே கால், அதே புண், அதே மிஷின், மறுபடி எதற்கு என்பது எங்கள் வழக்கம். புதிய ஆட்கள் யாரும் அந்த வாரங்களில் வரவில்லை.

அடுத்து அக்கா வந்தது பட்டறைக்கு அல்ல, சிஸ்டரிடம். சலவைக்கடையில் தரை ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தாராம். தண்ணீர் இல்லை. ஷூவிலிருந்து கசிந்திருக்கிறது. பழைய இடம் மறுபடி திறந்துகொண்டிருந்தது. சிஸ்டர் ஆள் அனுப்ப, தம்பி ஓடினார். நானும் பின்னால் போனேன்.

புண்ணைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் வெளுத்தது. பயந்துபோனால் சிலருக்கு அழுகை வரும். சிலருக்குக் கோபம்தான் வரும். தம்பி இரண்டாவது வகை.

"வெறுங்காலோட நடந்தியா?"

"இல்லடா."

"வீட்டுல? குளிக்கிற இடத்துல? மாடில துணி எடுக்கப் போறப்ப?"

"ஷூ போட்டுட்டுதான்டா போறேன். படுக்கப் போறப்பத்தான் கழட்டுறேன்."

"பொய் சொல்லாதக்கா. எத்தனை தடவ சொல்றது உனக்கு? சின்னப் பிள்ளையா நீ? ஷூ போட்டுட்டு நடந்தா இது எப்படித் திறக்கும்?"

"சத்தியமா போட்டுட்டுதான் நடந்தேன்."

"உன் சத்தியத்தைத் தூக்கி உடைப்புல போடு!"

கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்றோம். அக்காவின் அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் சுவரில் ஒன்றும் இல்லை.

"தம்பி, விடுங்க" என்று தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

சிஸ்டர்தான் பின்னாலேயே வந்து சொன்னார். "இன்னொருத்தருக்கும் இப்படித்தான் சிவந்திருக்கு. அவரும் போன மாசம் ஜோடி மாத்தினவர்தான். எதுக்கும் அந்த ஷூவைக் கொஞ்சம் பாருங்களேன்."

அக்காவின் ஷூவைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். மெத்தையைப் பிரித்து எடுத்தேன். அவருடைய பழைய மெத்தையும் மூலையில் கழிவுப் பெட்டியில் கிடந்தது. தம்பி இரண்டையும் குதிகால் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பழைய குழியின் நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தினார். ஊசி கீழே புது மெத்தையில் குழிக்குள் இறங்கவில்லை. குழியின் விளிம்பில், ஃபோம் மேடாக இருக்கிற இடத்தில் இறங்கியது. குழி இருந்தது. ஆனால் அரை விரல் பின்னால் இருந்தது. ஆபத்தான இடத்தைக் காப்பாற்ற வேண்டிய குழியின் கரையே அந்த இடத்தை நாள் முழுக்க, ஒவ்வொரு அடிக்கும், அழுத்தியிருக்கிறது.

தம்பி கம்ப்யூட்டர்முன் போய் உட்கார்ந்தார். அன்று மாலை வரை எழவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஸ்கேனர் படத்தோடு அளவுக் குறிப்பு ஒன்றையும் எப்போதும் தப்பாக எழுதி அனுப்புமாம். பழைய துணை ஆள் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளவே மாட்டான். புரோகிராமை எழுதின பிள்ளை அதைத் தெரிந்து, சரியான அளவுக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தான். புதிதாக வந்த துணை ஆள் ரொம்பக் கருத்தானவன். தப்பான குறிப்பை நம்பி, அதன்படி படத்தைச் சுருக்கிக் கொடுத்தான். அதன்பிறகு புரோகிராமும் தன் கணக்கைப் போட்டது. ஒரே சட்டையை இரண்டு தையல்காரர்கள் ஆளுக்கொரு தடவை பிடித்துத் தைத்த மாதிரி. பாதம் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கியதால் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஓரத்தை எப்போதும் ஷூவை வைத்தே வெட்டுவதால் கையிலும் தெரியாது. உள்ளே குழி மட்டும் இடம் மாறிப்போனது.

"ஆனா நீங்க போட்டுப் பார்த்தீங்களே தம்பி? பூ மாதிரி இருந்துச்சே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"என் கால் நல்ல கால்ணே. ஒரு இடம் உறுத்தினா எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அதுவா கொஞ்சம் நகந்துக்கும். விரலை மடக்கிக்கும், எடையைப் பக்கத்துல போட்டுக்கும். ஒதுங்கிக்கத் தெரிஞ்ச காலை வெச்சு, ஒதுங்கத் தெரியாத காலுக்குச் சோதனை பண்ணியிருக்கேன்."

பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள் பிரார்த்தித்தேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

மறுநாளே அவர் வேலையை ஆரம்பித்தார். புரோகிராமுக்கென்று கம்ப்யூட்டருக்குள் தனி அறை கட்டினார். பழைய துணை ஆட்கள் எல்லோரையும் அங்கே குடிவைத்தார். இனி வெளியே எத்தனை அப்டேட் வந்தாலும் அந்த அறைக்கதவைத் தட்டாது. முன்பு அவர் சொன்னபடியே, அதற்கு ஒன்றரை நாள்தான் ஆயிற்று. முடித்துவிட்டுச் சாவிப்பலகையைத் தட்டுகிற விரல்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

மேனேஜர் வந்து மெதுவாக, "அன்னைக்கே கேட்டிருந்தா அந்த ஒன்றரை நாளைக் குடுத்திருப்பேனேப்பா" என்றார்.

"குடுத்திருக்க மாட்டீங்க சார்" என்றார் தம்பி. குரலில் கோபமே இல்லை. "குடுக்கலன்னாலும் நான் கேட்டிருக்கணும்."

மேனேஜர் நின்றார். "ஆமா" என்றார். போய்விட்டார்.

அந்த வாரங்களில் ஜோடி வாங்கின ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டோம். தம்பி தானே போன் செய்தார். வரமுடியாதவர்களின் வீட்டுக்குப் போனார். ஒவ்வொருவரிடமும், "தப்பு எங்க மேல" என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார். பெரும்பாலானவர்கள் தப்பினார்கள், ஆண்டவன் இரக்கமுள்ளவன். சிலருக்குச் சிவப்போடு நின்றது. சிவந்திருக்கிறதென்று சிஸ்டர் சொன்ன மனிதருக்கும் ஆறிவிட்டது.

அக்காவுக்குத்தான் ஆறவில்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற கால் அது. புண் உள்ளே எலும்புவரை போய்விட்டிருந்தது. மருந்து, ஊசி, கட்டு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் டாக்டர்கள் கட்டைவிரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்ற அதுதான் வழி என்றார்கள். கட்டைவிரல் போனால் நிற்கிறவருக்குப் பாதி நிலை போன மாதிரி. மேசைமுன் நின்று உதறி உதறி இஸ்திரி போட்டவருக்கு இனி நிற்கிற வேலை ஆகாது. சலவைக்கடைக்காரர் நல்ல மனிதர், வேலையைவிட்டு நிறுத்தவில்லை. துணியில் அடையாளச் சீட்டுக் கட்டும் இடத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

"உட்கார்ந்த இடத்துல நூல் கட்டுறேன் அண்ணே. அதுவும் ஒரு வேலையா? குருவி கூடு கட்டுற மாதிரி" என்றார் என்னிடம் ஒருநாள். சிரிக்கப் பார்த்தார். பாதி வந்தது.

அதற்குப் பிறகு தம்பியின் நீலச் சட்டைகளில் அந்த மடிப்பு இல்லை. அக்கா போட்டுக் கொடுக்கிறேன் என்றுதான் சொல்கிறாராம். இவர்தான் கொடுப்பதில்லை. பேசும்போது சிரிப்பதும் குறைந்துவிட்டது. யாராவது அணைச்சுப்போடு என்று கூப்பிட்டால் திரும்புகிறார், ஆனால் பழைய மாதிரி பதிலுக்கு ஒன்றும் வருவதில்லை. வேலையில் மட்டும் முன்னைவிடக் கூடுதல் கவனம். பழைய ஆளோ புது ஆளோ, கார்பன் தாள் சோதனை இல்லாமல் எந்த ஜோடியும் இப்போது எங்கள் கதவைத் தாண்டுவதில்லை. அதை அவர்தான் வழக்கமாக்கினார். அதற்காக யாரும் பாராட்டினால் எழுந்து போய்விடுவார்.

கால் நன்றாக ஆறினபிறகு அக்கா புது ஷூவுக்கு வந்தார். விரல் இல்லாத காலுக்கு மெத்தையே வேறு மாதிரி வேண்டும். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்கேனருக்கு முன்னால் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். சிஸ்டர் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் பலகையில் இருந்தேன். போய்விடலாமா என்று நினைத்தேன், ஆனால் எழுந்தால் பலகை சத்தம் போடும்.

தம்பி கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்திருந்தார். கை சாவிப்பலகைமேல் இருந்தது. அழுத்தவில்லை.

"அக்கா."

"என்ன?"

"மன்னிச்சுடுக்கா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"மொத்தமா வாங்கிக்க இது என்ன துணி மூட்டையா? பிரிச்சுச் சொல்லு."

"புரோகிராமைச் சரியா பார்க்காம விட்டதுக்கு."

"அது உனக்கே தெரியாம நடந்தது. வேலைன்னா தப்பு வரும். நானும் எத்தனை பட்டுச் சேலையைக் கருக்கியிருக்கேன், கடைக்காரர் துரத்திட்டாரா? அதை அன்னைக்கே விட்டுட்டேன். அடுத்தது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லமாட்டே. நானே சொல்றேன்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "சத்தியம் பண்ணேன்டா உன்கிட்ட. நாலு பேரு நிக்கிற இடத்துல. நீ நம்பல. தூக்கி உடைப்புல போடுன்னே. அப்புறம் ஒரு குண்டூசி சொன்னப்ப நம்பினே. உன்னை இத்தனை வருஷம் வளர்த்த நான் சொல்லி நம்பல."

"பயத்துல சொல்லிட்டேன்க்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சாப் போயிடுமா அது? போகும்னுதான் நானும் பார்க்கறேன். காலையில எழுந்திரிச்சதும் போச்சான்னு பார்க்கறேன். இன்னும் இருக்கு. இருக்கறதை இல்லன்னு சொன்னா, அப்ப நான் நெஜமாவே பொய் சொல்றவளாயிடுவேன்."

தம்பி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா அவரைத் தொடவில்லை. தொடக் கை நீட்டியதைப் பார்த்தேன். நீட்டின கை பாதி வழியில் நாற்காலியின் கைப்பிடிக்குத் திரும்பிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஆண்டவனே, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நீதான் வரவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். இன்றுவரை அதையேதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஆறின காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடிமேல் வைத்தார்.

"அழுதது போதும், அமுக்கு" என்றார். "கடைக்கு நேரமாகுது."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார்.